வெளியே போனதைப் பார்க்காத கேமரா

தார்ன்பெக்
19 நவம்பர் 2018

ஆஷ்லாக் பார்க்கிங் நிறுவனம்,
முறையீட்டுப் பிரிவு, கெட்டரிங்.

ஐயா அல்லது அம்மையீர்,

உங்கள் நோட்டீஸ் சனிக்கிழமை தபாலில் வந்தது. நவம்பர் 6, செவ்வாய்க்கிழமை, எங்கள் ஊர் சூப்பர்மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடத்துக்குள் என் கார் காலை 11.09க்கு நுழைந்து, மாலை 3.31க்குத்தான் வெளியேறியதாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றதற்கு நூறு பவுண்டு அபராதம். பதினான்கு நாளுக்குள் கட்டினால் அறுபது. ஆதாரமாக நுழையும்போது ஒரு படம், வெளியேறும்போது ஒரு படம்.

படங்களில் இருப்பது என் கார்தான். நேரங்களும் சரிதான். ஆனால் நான் அன்று அங்கே இரண்டு முறை போனேன். முதல் முறை 11.40க்கு வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கிறிஸ்துமஸ் கேக்குக்கான பழங்களைக் கிளறும்போதுதான் கரும்புப் பாகு வாங்க மறந்தது தெரிந்தது. திரும்பவும் 3.12க்குப் போனேன். பாகு வாங்கினேன். வந்துவிட்டேன். இடைப்பட்ட நேரத்தில் என் கார் வீட்டு வாசலில் நின்றது. சாட்சி என்று கேட்டால் என் நாய் பிராக்கன் மட்டும்தான்.

நான்கு மணி நேரம் இருபத்திரண்டு நிமிடம் அந்தக் கடைக்குள் ஒருத்தி என்ன செய்வாள் என்று உங்களில் யாராவது யோசித்தீர்களா? நான் யோசித்தேன். எல்லா அலமாரிகளையும் துடைத்து வைத்தால்கூட நேரம் மிஞ்சும்.

இணையதளத்தில் எழுதச் சொல்கிறீர்கள். அங்கே உள்ள கட்டத்தில் இவ்வளவும் அடங்கவில்லை. ஆகவே தபால்.

ஹெஸ்டர் ஓலரன்ஷா


கெட்டரிங்
28 நவம்பர் 2018

திருமதி ஓலரன்ஷா அவர்களுக்கு,

தங்கள் முறையீடு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. எங்கள் கேமராக்கள் முறையாகப் பராமரிக்கப்படுபவை. தங்கள் வாகனம் இடையில் வெளியேறியதற்கான பதிவு எதுவும் இல்லை. அதை மறுக்கும் ஆதாரத்தைத் தாங்கள் இணைக்கவில்லை. எனவே முறையீடு நிராகரிக்கப்படுகிறது.

தாங்கள் எங்கள் நிறுவனத்தைச் சாராத சுதந்திர முறையீட்டு அமைப்பை 28 நாட்களுக்குள் அணுகலாம். அப்படி அணுகினால் சலுகைத் தொகைக்கான உரிமையை இழப்பீர்கள்.

நா. பிம்லாட்
முறையீட்டு அலுவலர்


தார்ன்பெக்
3 டிசம்பர் 2018

திரு. பிம்லாட்,

கவனமாகப் பரிசீலித்ததாக எழுதியிருக்கிறீர்கள். என் கடிதத்தில் இருந்த ஒரு சொல்கூட உங்கள் பதிலில் இல்லை. பாகு இல்லை, நாய் இல்லை. என் பெயரை எடுத்துவிட்டு வேறு யார் பெயரை வைத்தாலும் அந்தக் கடிதம் பொருந்தும்.

நான் முப்பத்தொரு வருடம் ரயில்வேயில் சிக்னல் கேபினில் வேலை பார்த்தவள். என் வேலை இதுதான்: என் எல்லைக்குள் ஒரு ரயில் நுழைந்தால் நேரத்தைக் குறிக்க வேண்டும், வெளியேறினால் நேரத்தைக் குறிக்க வேண்டும். நுழைந்த ரயில் வர வேண்டிய நேரத்துக்கு வெளியே வரவில்லை என்றால், அதற்கு அபராதம் போட மாட்டோம். என்ன ஆயிற்று என்று பார்க்க ஆளை அனுப்புவோம். வழியில் நின்றிருக்கலாம். அல்லது அது போனதை நாங்கள்தான் கவனிக்காமல் விட்டிருக்கலாம்.

என் கார் நான்கு மணி நேரம் வெளியே வராமல் இருந்தபோது யார் போய்ப் பார்த்தார்கள்? அந்தக் கேமராவை நீங்கள் ஒரு தடவையாவது நேரில் பார்த்திருக்கிறீர்களா? சண்டைக்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பணம் கட்ட மாட்டேன்.

ஹெஸ்டர் ஓலரன்ஷா


கெட்டரிங்
8 டிசம்பர் 2018, சனிக்கிழமை

அன்புள்ள திருமதி ஓலரன்ஷா,

இது அலுவலகக் கடிதம் அல்ல. என் வீட்டிலிருந்து எழுதுகிறேன். உங்கள் விலாசத்தை அலுவலகக் கோப்பிலிருந்து குறித்துக்கொண்டு வந்தேன். அதற்கே என்னை வேலையை விட்டு அனுப்பலாம். பதில் எழுதுவதானால் மேலே உள்ள விலாசத்துக்கு எழுதுங்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: இல்லை. அந்தக் கேமராவை நான் பார்த்ததில்லை. எந்தக் கேமராவையும் பார்த்ததில்லை. ஒன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஒரு நாளைக்கு எழுபது முறையீடுகளுக்குப் பதில் அனுப்ப வேண்டும். பத்திகள் முன்கூட்டியே எழுதி எண் போட்டு வைக்கப்பட்டிருக்கின்றன. உங்களுக்கு நான் அனுப்பியது இரண்டும் நான்கும்.

உங்கள் இரண்டாவது கடிதத்தை இரண்டு நாள் மேசையிலேயே வைத்திருந்தேன். பிறகு, யாரும் கேட்காமலேயே, தார்ன்பெக் நோட்டீஸ்களைக் கிழமை வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். விவரம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஆனால் செவ்வாயும் வெள்ளியும் மற்ற நாட்களைப் போல இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் அலுவலகத்தில் யாரும் இதுவரை கேட்டதும் இல்லை.

அன்று 11.40க்கு நீங்கள் வெளியேறியபோது வாசலில் ஏதாவது நின்றதா? நினைவிருக்கிறதா?

நாரிஸ் பிம்லாட்


தார்ன்பெக்
15 டிசம்பர் 2018

திரு. பிம்லாட்,

உங்கள் கடிதத்தை முதலில் நம்பவில்லை. ஏதாவது எழுத வைத்து மாட்டிவிடப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு, எழுபது கடிதம் எழுதுகிற மனிதர் சனிக்கிழமையும் உட்கார்ந்து எழுபத்தொன்றாவதை எழுதுவாரா என்று தோன்றியது.

நினைவிலிருந்து பதில் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. நேரில் போனேன். செவ்வாய், புதன், வெள்ளி. மூன்று நாளும் ஃபிளாஸ்க்கில் தேநீர், மடியில் நோட்டு, கூடவே பிராக்கன். ஒவ்வொரு நாளும் ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் கிளம்பிவிட்டேன். காரணம் உங்களுக்கே தெரியும்.

வெளியேறும் வழியின் இடது ஓரத்தில் கம்பத்தில் உங்கள் கேமரா. செவ்வாய்க்கிழமை 11.18க்கு ரொட்டி லாரி வந்தது. சரக்கு இறக்கும் இடத்தில் ஏற்கெனவே பால் லாரி நின்றதால், இது வழியின் இடது ஓரமாக, கேமராவுக்கு நேர் எதிரே ஒதுங்கி நின்றது. 11.52 வரை. வெளியேறும் கார்கள் எல்லாம் லாரிக்கு வலப்பக்கமாக நெருக்கியடித்துப் போயின. கேமராவுக்குத் தெரிந்தது ரொட்டிப் படம் போட்ட லாரியின் பக்கவாட்டு மட்டும்தான். அந்த முப்பத்து நான்கு நிமிடத்தில் நாற்பத்து மூன்று கார்கள் போயின. வெள்ளிக்கிழமையும் அதே லாரி, அதே இடம், முப்பத்தெட்டு கார்கள். புதன்கிழமை லாரியே வரவில்லை.

டிராலி தள்ளுகிற டிரெவர் என் ஜன்னலைத் தட்டினார்.

"என்ன கண்ணு, மூணு நாளா உக்காந்து என்னத்த எண்ணிக்கிட்டு இருக்க? கடைய வாங்கப் போறியா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"அட, அந்த ஆளுங்களா. என் கொழுந்தியாவுக்கும் வந்துச்சு. ரெண்டு தடவ வந்தேன்னு தொண்டை கிழியக் கத்துனா. கடைசில கட்டித் தொலைச்சா."

லாரி ஓட்டும் பெண்ணிடமும் பேசினேன். பெயர் மாக்சின்.

"நான் என்னம்மா பண்றது? பால்காரன் எடத்தக் காலி பண்ணாத்தானே நான் உள்ள போக முடியும்? ரெண்டு வருஷமா இப்படித்தான் நிக்கிறேன். ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்லையே."

சரி, கேமரா பார்க்கவில்லை. ஆனால் ஒன்று எனக்கு இடிக்கிறது. செவ்வாய்க்கிழமை போன நாற்பத்து மூன்று கார்களில் ஒன்றுமே கேமராவில் விழவில்லை என்றால், நாற்பத்து மூன்று பேருக்கும் அல்லவா நோட்டீஸ் போக வேண்டும்? ஊரே கொதித்திருக்குமே. டிரெவர் எத்தனையோ செவ்வாய்க்கிழமை அந்த நேரத்தில் தன் காரில் போயிருக்கிறார், அவருக்கு ஒரு தடவையும் எதுவும் வரவில்லை. ஏன் எனக்கும் அவர் கொழுந்தியாளுக்கும் மட்டும்?

ஹெஸ்டர் ஓலரன்ஷா


கெட்டரிங்
30 டிசம்பர் 2018

அன்புள்ள திருமதி ஓலரன்ஷா,

உங்கள் கடிதத்தைக் கிறிஸ்துமஸ் அன்று என் தங்கை வீட்டுக்கும் எடுத்துப் போனேன். எல்லாரும் சாப்பாட்டு மேசையில் இருக்க, நான் குளியலறைக்குள் நின்று அதைப் படித்தேன்.

உங்கள் கேள்விக்கு விடை கிடைத்தது. நுழைந்த படம் இருந்து, வெளியேறிய படம் இல்லையென்றால், கணினி அந்தக் காரை விட்டுவிடும். அரைகுறைப் பதிவை வைத்து நோட்டீஸ் அனுப்ப முடியாது. டிரெவர் தப்பித்தது அப்படித்தான். ஆனால் அதே கார் அதே நாளில் மறுபடியும் வந்து, லாரி இல்லாத நேரத்தில் வெளியேறினால் கேமராவுக்கு ஒரு படம் கிடைக்கும். இடையில் வெளியேறிய படம் இல்லாததால், கணினி இரண்டாவது நுழைவைக் கண்டுகொள்ளாமல், அந்த நாளின் முதல் நுழைவையும் கடைசி வெளியேற்றத்தையும் எடுத்து முடிச்சுப் போடும்.

அதாவது, திரும்பி வந்தவர்கள் மட்டும்தான் மாட்டுகிறார்கள். இதைப் புரிந்துகொண்ட பிறகு பழைய முறையீடுகளை எடுத்துப் படித்தேன். பத்தி எண்ணைத் தேடாமல், முழுவதுமாகப் படித்தது இதுதான் முதல் தடவை. தார்ன்பெக்கிலிருந்து வந்தவற்றில் முப்பத்தேழு பேர் ஒரே விஷயத்தை எழுதியிருக்கிறார்கள். குழந்தைக்கு மருந்து வாங்கப் போய்ப் பால் வாங்க மறந்தவர். காலையில் தனக்கு வாங்கிவிட்டு மாலையில் பக்கத்து வீட்டு முதியவருக்காக வந்தவர். முப்பத்தேழுக்கும் நிராகரிப்பு. முப்பத்தேழிலும் என் கையெழுத்து.

ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல மாட்டேன். ஜூன் மாதம் ஒரு பெண் எழுதியிருந்தார். அபராதத்தைக் கட்டிவிட்டாராம், பணம் திரும்ப வேண்டாமாம். தான் காலையிலேயே அங்கிருந்து போய்விட்டதாக ஒரு வரி எழுதித் தந்தால் போதுமாம். நோட்டீஸைப் பிரித்தது அவர் கணவர். நாலரை மணி நேரம் அந்த இடத்தில் யாரோடு காரில் உட்கார்ந்திருந்தாய் என்று அன்றிலிருந்து வீட்டில் கேள்வி. "நான் என்ன சொன்னாலும் படத்தைக் காட்டுகிறார்" என்று எழுதியிருந்தார்.

நான் அனுப்பியது பத்தி நான்கு. தங்கள் வாகனம் இடையில் வெளியேறியதற்கான பதிவு எதுவும் இல்லை.

வியாழக்கிழமை அலுவலகம் திறந்ததும் மேலாளரிடம் சொல்லப் போகிறேன்.

நாரிஸ் பிம்லாட்


தார்ன்பெக்
12 ஜனவரி 2019

திரு. பிம்லாட்,

நீங்கள் மேலாளரிடம் சொல்லிவிட்டீர்கள் என்று தெரிகிறது. லாட்ச்ஃபோர்டு என்ற அந்த அம்மாளிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. "நல்லெண்ண அடிப்படையில்" என் அபராதத்தை ரத்து செய்கிறார்களாம். இதனால் நிறுவனத்தின் தரப்பில் தவறு இருந்ததாகப் பொருள்கொள்ளக் கூடாதாம்.

எனக்கு அவர்களுடைய நல்லெண்ணம் வேண்டாம் என்று பதில் எழுதிவிட்டேன். தவறு என்ற சொல் வேண்டும். சுதந்திர முறையீட்டு அமைப்புக்கு நான் அனுப்பிய மனுவையும் திரும்பப் பெறப் போவதில்லை. என் வாயை மட்டும் அடைத்துவிட்டால் மற்ற முப்பத்தாறு பேரைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அந்தப் பெண்ணைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மூன்று நாள் உங்கள் மேல் எரிச்சலாக இருந்தேன். அதை ஏன் என்னிடம் சொல்கிறீர்கள்? பரவாயில்லை என்று நான் எழுத வேண்டுமா? அதை எழுத எனக்கு என்ன உரிமை? அந்த நாலரை மணி நேரத்தை விளக்க முடியாமல் நின்றது நான் இல்லையே.

எரிச்சல் அடங்கிய பிறகு, நான் யாருக்கும் சொல்லாத ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு ரயில் போகும்போது அதன் கடைசிப் பெட்டியில் எரியும் சிவப்பு விளக்கை நாங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். அதைப் பார்த்தால்தான் ரயில் முழுசாகப் போயிற்று, பெட்டி எதுவும் கழன்று பின்னால் நிற்கவில்லை என்று அர்த்தம். 1994 பிப்ரவரியில் ஒரு மாலை, கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, நான் திரும்பி நின்றேன். சரக்கு ரயில் போன சத்தம் கேட்டது. விளக்கைப் பார்க்கவில்லை. பார்த்ததாகக் குறித்தேன். அடுத்த ரயிலை அனுமதித்தேன். அதில் ஆட்கள் இருந்தார்கள். அது அடுத்த நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததாக மணி அடிக்கும்வரை பதினொரு நிமிடம். ஒன்றும் ஆகவில்லை. பதிவேட்டில் நான் எழுதியது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. நான் அதைத் திருத்தவே இல்லை. தைரியம் வரவில்லை.

உங்கள் பதிவேடு இன்னும் உங்கள் மேசையில்தானே இருக்கிறது? அதைத்தான் கேட்கிறேன். வேறொன்றும் சொல்லவில்லை.

ஹெஸ்டர் ஓலரன்ஷா


கெட்டரிங்
2 பிப்ரவரி 2019

அன்புள்ள ஹெஸ்டர்,

பெயர் சொல்லி எழுதுவதற்கு மன்னியுங்கள். இப்போது நான் எந்த அலுவலகத்தின் சார்பிலும் எழுதவில்லை.

உங்கள் கடிதம் வந்த வாரத்தில், வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு தார்ன்பெக் வந்தேன். மூன்று ரயில் மாறி, 11.05க்குக் கடை வாசலில் நின்றேன். கேமராவைப் பார்த்தேன். காலணிப் பெட்டி அளவுகூட இல்லை. 11.21க்கு ரொட்டி லாரி வந்தது. நீங்கள் எழுதியது போலவே நின்றது. லாரி, கேமரா, கடைக் கடிகாரம் மூன்றும் ஒரே படத்தில் வரும்படி முப்பது படங்கள் எடுத்தேன். டிராலி தள்ளுகிறவர் வந்து, "நீயும் எண்ண வந்தவனா? ஒரு அம்மா ஏற்கெனவே எண்ணிட்டுப் போயாச்சு" என்றார். உங்கள் தெரு முனை வரை நடந்து வந்தேன். கதவைத் தட்டத் துணிவில்லை. நாய் குரைத்தது மட்டும் கேட்டது.

திங்கட்கிழமை படங்களை லாட்ச்ஃபோர்டிடம் வைத்தேன். அவர் கெட்டவர் இல்லை. களைத்துப் போயிருந்தார்.

"நாரிஸ், அந்த ஒரு அம்மா கேஸ முடிச்சாச்சுல்ல? ஏன் திரும்பத் திரும்பக் கிளறுற?"

"இன்னும் முப்பத்தாறு இருக்கு மேடம்."

"அவங்க யாராவது இப்ப கேட்டாங்களா?"

"அப்பவே கேட்டாங்க. நாமதான் கேக்கல."

"மேலிடத்துல பேசறேன். அதுவரைக்கும் எதையும் தொடாத."

முறையீட்டு அலுவலருக்குத் தான் முடித்த கோப்பைத் தானே மறுபடி திறக்க அதிகாரம் உண்டு. ஒன்பது வருடத்தில் நான் அந்தப் பொத்தானை அழுத்தியதே இல்லை. செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் போன பிறகு உட்கார்ந்தேன். முப்பத்தேழையும் திறந்தேன், உங்களுடையதையும் சேர்த்து. பத்தி எதையும் ஒட்டவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினேன்: அன்று நீங்கள் இத்தனை மணிக்குப் போனதாகச் சொன்னது உண்மை. வாசலில் லாரி நின்றதால் எங்கள் கேமரா உங்களைப் பார்க்கவில்லை. தவறு எங்களுடையது. கட்டிய தொகை திரும்ப வரும். ஐந்தே கால் மணிக்குக் கடைசிக் கடிதம் தபாலுக்குப் போனது. ஜூன் மாதப் பெண்ணுக்கு இன்னும் நான்கு வரி அதிகமாக எழுதினேன்.

புதன்கிழமை என் அனுமதி அட்டையை வாங்கிக்கொண்டார்கள். படங்களோடு நடந்ததையெல்லாம் சுதந்திர அமைப்புக்கு என் பெயரிலேயே எழுதி அனுப்பியிருக்கிறேன். முறையிடாமலே பணம் கட்டியவர்களுக்காக என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர்கள் எத்தனை பேர் என்பது தெரியும். யார் யார் என்று வெளியே சொல்ல எனக்கு உரிமையில்லை.

தங்கை கேட்கிறாள், பயமாக இல்லையா என்று. இருக்கிறது. தூக்கம் மட்டும் நன்றாக வருகிறது.

நாரிஸ்


தார்ன்பெக்
7 ஏப்ரல் 2019

அன்புள்ள நாரிஸ்,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம், எழுத நேரமில்லை. சுதந்திர அமைப்பின் முடிவு வந்துவிட்டது. உங்கள் படங்களைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். தவறு என்ற சொல் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. நிறுவனம் கேமராவைக் கம்பத்தோடு பெயர்த்து வழியின் மறுபக்கத்துக்கு மாற்றியிருக்கிறது.

முறையிடாமல் கட்டியவர்களுக்காக நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினேன்: "செவ்வாய் அல்லது வெள்ளி, ஒரே நாளில் இரண்டு முறை கடைக்குப் போய் அபராதம் கட்டினீர்களா? வியாழன் காலை இங்கே வாருங்கள்." முதல் வியாழன் நான்கு பேர். போன வியாழன் நாற்காலி போதவில்லை. டிரெவரின் கொழுந்தியாள் வந்தார், இன்னும் கத்திக்கொண்டே. மாக்சின் எல்லாருக்கும் ரொட்டி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, குற்றவாளி போல ஓரமாக நின்றார். இதுவரை அறுபத்தொரு பேருக்கு மனு எழுதியிருக்கிறோம். பதினெட்டுப் பேருக்குத் தொகை திரும்பிவிட்டது.

மூன்றாவது வியாழன் ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். மனு எழுத வரவில்லை. கையில் உங்கள் கடிதம். உட்காராமல், எல்லாரும் போகும்வரை காத்திருந்தார்.

"இத எழுதுனவரு உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"கடிதத்துல தெரியும். நேர்ல பாத்ததில்ல."

"நான் இத எங்க வீட்டுக்காரருக்குக் காட்டத்தான் கேட்டேன். அவரு ஆகஸ்ட் மாசமே வீட்ட விட்டுப் போயிட்டாரு. இப்ப அண்ணன் வீட்டுல இருக்காரு."

"அனுப்பி வைக்கலாமே."

"அனுப்பல. அனுப்பப் போறதும் இல்ல." கடிதத்தை நான்காக மடித்தார். பிறகு சொன்னார்: "அந்த நேரம் மாமியாருக்கு ரொம்ப முடியாம இருந்துச்சு. நான்தான் பாத்துக்கிட்டேன். ராத்திரி பகல் தெரியாத நாளு. அவரு படத்தக் காட்டிக் காட்டிக் கேட்டப்ப, ஒரு கட்டத்துல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நெஜமாவே எங்கயோ நாலரை மணி நேரம் உக்காந்து, அது எனக்கு ஞாபகம் இல்லாமப் போச்சோன்னு. டாக்டர்கிட்டகூடப் போனேன். தலைய ஸ்கேன் பண்ணிப் பாத்தாங்க."

"இப்ப?"

"இப்ப தெரியுது. நான் வீட்டுக்குத்தான் போயிருக்கேன். மாமியாருக்கு சூப் வெச்சுக் கொடுத்திருக்கேன். அவ்வளவுதான் பண்ணியிருக்கேன்."

அவருக்கு ஒரு கோப்பை தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். நீங்கள் அதற்காக வேலையை இழந்ததைச் சொன்னேன். நான் உங்களுக்கு எழுதப் போவதாகவும், ஏதாவது சொல்ல வேண்டுமா என்றும் கேட்டேன்.

கதவருகே நின்று யோசித்தார்.

"மன்னிச்சுட்டேன்னு எழுதிடாதீங்க. அது எனக்கு இன்னும் தெரியல. கடுதாசி கெடச்சுதுன்னு மட்டும் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன்.

ஹெஸ்டர்